மேகம் போட்ட படம்

"ஏனுங்க அம்மிணி, இந்தக் கம்ப்யூட்டர் படத்துல மேகம் போட முடியுங்களா?"

கடை வாசலில் நின்று கேட்டவருக்கு அறுபது வயதிருக்கும். ஆடி மாதத்துச் சாரல். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் காலோடு கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் வரலாமா என்று தயங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

"உள்ளே வாங்க, உட்காருங்க. எந்த மாதிரி மேகமுங்க?" என்றேன். சுற்றுலா வருகிறவர்கள் கேட்கிற வாழ்த்து அட்டை என்று நினைத்தேன்.

"மலையில வருமில்லீங்க, கைய நீட்டினா கை தெரியாதே, அந்த மாதிரி. பாறை தெரியோணும். பாறைக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒண்ணுமே தெரியக் கூடாது."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பெயர் குப்புசாமி என்றார். அடிவாரத்தில் வீடு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருபத்தெட்டு வருஷம் நின்றுகொண்டே கடந்தவர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் அதைச் சொன்னார்.

"நான் சௌந்தரோட அப்பனுங்க."

மவுஸை விட்டுவிட்டு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

நீல ஏரி

குப்புசாமியை அங்கேயே உட்கார வைத்துவிட்டு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நானும் என் வீட்டுக்காரர் ஜமாலும் ஏற்காடு கடைவீதியில் கடை போட்ட கதையை இந்தத் தொடரின் போன அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "மவுஸால் வரைவதெல்லாம் ஒரு வரைதலா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். சோப்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு கோலம் போடுவது போலத்தான் இருக்கும். முதல் இரண்டு மாதம் நான் வரைந்த மரமெல்லாம் கையொடிந்த மனிதர்கள் மாதிரி நின்றது.

கம்ப்யூட்டரை வாங்கியது கல்யாணப் பத்திரிகைக்கும், எஸ்டேட்காரர்களின் காபிப்பொடி, மிளகுப் பாக்கெட் லேபிள்களுக்கும்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு சேர்ந்து வந்த ஒரு சாஃப்ட்வேரில் தூரிகை, பென்சில், சாக்பீஸ், தண்ணீர் வண்ணம் எல்லாம் இருந்தன. பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன ஓவியம் எனக்கு அந்தப் பதினாலு அங்குலத் திரையில் திரும்பக் கிடைத்தது. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் ஏரியை வரைவேன். சில்வர் ஓக் மரங்களை வரைவேன். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நாலு கோடு இழுத்தால் ஒரு தடவை சேமித்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை.

வரைந்ததை அச்செடுப்பது தனிப் போராட்டம். திரையில் தெரிவது வெளிச்சம். காகிதத்தில் விழுவது மை. திரையில் தளதளவென்று இருக்கும் காபித் தோட்டப் பச்சை, பிரிண்டரில் பாசி பிடித்த பச்சையாக வரும். பச்சையில் மட்டும் நாற்பது விதம் அச்செடுத்து, எண் போட்டு, திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். மலை ஈரத்தில் காகிதம் நமத்துப் போய் மை ஊறிவிடும். அதற்காக ஒரு மர அலமாரிக்குள் எப்போதும் ஒரு பல்பை எரியவிட்டு, காகிதக் கட்டை அதற்குள் வைத்திருப்போம். திறந்தால் வெதுவெதுப்பான காகித வாசனை முகத்தில் அடிக்கும்.

சௌந்தர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்த்தான். இருபத்து நாலு வயது. அறை வாடகை அட்டைகளை எங்களிடம்தான் அடிப்பான். வந்தால் சும்மா போக மாட்டான். திரையில் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவான்.

அன்றைக்கும் வந்தான். தைப் பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலை பதினோரு மணி. நான் ஏரிக்கு வண்ணம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனக்கா, நம்ம ஏரி என்னைக்கு இவ்ளோ நீலமா இருந்துச்சு?"

"படத்துல அப்படித்தான் இருக்கும். அட்டை வாங்கறவங்களுக்குப் புடிக்கோணுமில்ல?"

"அப்பச் சரி," என்று சிரித்தான். அட்டைக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அவன் தலைக்கு மேலே வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. வெயிலில் கண் கூசியது.

சாயங்காலம் அவனை ஒரு பாறைக்குக் கீழே கண்டெடுத்தார்கள்.

அந்தப் பாறையின் பெயரை நான் எழுதவில்லை. இப்போதும் குடும்பத்தோடு அங்கே போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கால் வழுக்கி விழுந்தான் என்று போலீஸில் எழுதினார்கள். ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள். ஒரு பெண் என்றார்கள், வேலையில் தகராறு என்றார்கள். எதற்கும் ஆதாரம் கிடையாது. அவன் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. கடைசியாக அவனிடம் பேசியவர்களில் நானும் ஒருத்தி. அவன் முகத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியவில்லையோ என்ற கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

ஃபோட்டோ வேண்டாம்

"அவ அந்த எடத்தப் பாக்கோணும்னு ஒரே புடியா நிக்கறாளுங்க," என்றார் குப்புசாமி. மனைவி பாவாயியைச் சொல்கிறார். "ஆறு மாசமாச்சு. சரியாச் சோறு திங்கறதில்ல. இளைப்பு வேற. மலைக்குக் கூட்டியாந்தா மூச்சுத் தாங்காதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். நெசமாலுமே எனக்கு அந்தப் பயமில்லீங்க. அவளக் கூட்டிட்டு வந்து அந்தப் பாறை மேல நிக்க வெக்க எனக்கு நெஞ்சுல தெம்பில்ல."

"ஒரு ஃபோட்டோ எடுத்துட்டுப் போகலாமுங்களே?"

அவர் வேகமாக மறுத்துத் தலையாட்டினார்.

"ஃபோட்டோ வேண்டாமுங்க. ஃபோட்டோவுல பள்ளம் பள்ளமாத்தான் தெரியும். வரைஞ்சா நீங்க கொஞ்சம் பாத்துப் போடலாம்." குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு மேகம் எறங்கிருச்சு, பையனுக்குப் பாறை விளிம்பு தெரியல, கால வெச்சுட்டான்னு அவகிட்டச் சொல்லியிருக்கறேன். படத்துல மேகம் இருந்தா நம்புவாளுங்க. அவ அவனப் பெத்தவ. அவளுக்கு வேறெதுவும் தோணக் கூடாது."

'வேறெதுவும்' என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நாற்பது பச்சைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் சரி என்றேன்.

ஜமாலுக்குப் பிடிக்கவில்லை. "நாளைக்கு அந்தம்மாவுக்கு நெசம் தெரிஞ்சா, மேகத்தப் போட்டது யாருன்னுதான் கேப்பாங்க. அவரு பேரு வராது, உம்பேருதான் வரும்," என்றார்.

"அந்த மனுஷன் வந்து நின்ன நெலமைய நீங்க பாக்கல மச்சான்," என்றேன். மறுநாள் பாறைக்குப் போக என்னோடு அவரும் கிளம்பினார்.

மூன்று தடவை

மூன்று தடவை போனோம்.

முதல் இரண்டு தடவையும் ஒன்றும் தெரியவில்லை. ஆடி மாத மேகம் பாறையை அப்படியே மூடியிருந்தது. குப்புசாமி கேட்ட படம் கண்முன்னால் இருக்கிறது, ஆனால் அதில் வரைய எதுவும் இல்லை. எலுமிச்சைப் புல்லின் வாசனையும், எங்கோ கீழே ஒரு லாரி கியர் மாற்றுகிற சத்தமும் மட்டும் வந்தன. நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன். பின்னால் இருப்பது தெரியாமல் முன்னால் மேகத்தைப் போட்டால் அது மேகமாக இருக்காது, சுண்ணாம்பு அடித்த சுவராக இருக்கும்.

மூன்றாம் தடவை ஆவணியில் ஒரு நாள், மழை பெய்து ஓய்ந்த காலையில் போனோம். எல்லாம் தெரிந்தது. மலைச் சாலை மடித்துப் போட்ட நாடா மாதிரி இறங்கியது. அடிவாரத்துத் தென்னந்தோப்புகள், வெள்ளைக்கல் சுரங்கத்தின் வெளுத்த மேடுகள், சேலம் டவுனின் புகை, அதற்கும் அப்பால் கஞ்சமலை. நான் பாறையில் உட்கார்ந்து பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஜமால் எனக்குப் பின்னால் நின்று என் முந்தானை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். எழுந்தபோதுதான் அதைக் கவனித்தேன்.

சௌந்தர் கடைசியாகப் பார்த்தது இதைத்தான் என்ற நினைப்பு அப்போது வரவில்லை. சாலை எத்தனை மடிப்பு என்று எண்ணுவதிலேயே கவனம் இருந்தது. கடைக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரைப் போட்டு முதல் கோட்டை இழுத்தபோதுதான் வந்தது. கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய் நின்றேன்.

வெள்ளை மை

அந்த சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வரைவது போல. லேயர் என்பார்கள். ஒரு தகட்டை எடுத்துவிட்டால் கீழே இருப்பது அப்படியே இருக்கும்.

அடித் தகட்டில் வானம், கஞ்சமலை, சேலம். அதற்கு மேல் தோப்புகளும் சாலையும். அதற்கும் மேல் பாறை, புல், ஓரத்தில் ஒரு சில்வர் ஓக். பதினைந்து நாள் மத்தியானம் ஆயிற்று. எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி வரைந்தேன். பள்ளத்தையும் பள்ளமாகவே வரைந்தேன். அப்புறம் பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு புதுத் தகட்டைச் செருகி, பெரிய மெத்தென்ற தூரிகையை எடுத்து மேகத்தைப் போட்டேன்.

அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதினைந்து நாள் வரைந்தது கால் மணி நேரத்தில் மறைந்தது. தோப்பு போயிற்று, சாலை போயிற்று. பாறையும் புல்லும் ஓரத்து மரமும் மட்டும் நின்றன.

எங்கள் பிரிண்டரில் ஏ-ஃபோர் காகிதம்தான் போகும். படத்தை நாலாக வெட்டி, நாலு தாளில் அடித்து, அட்டையில் சேர்த்து ஒட்ட வேண்டும். மை தெளிக்கிற முனை டிக் டிக் என்று போய் வர, காகிதம் விரலளவு விரலளவாக வெளியே வந்தது. முதல் இரண்டு தாளில் மை கோடு கோடாக விட்டுப்போனது, மறுபடி அடித்தேன். மூன்றாவது தாள் வெளியே வரும்போது பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் வந்தது. பயந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அது மேகம். பிரிண்டரில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது. திரையில் நாம் எவ்வளவு வெள்ளை பூசினாலும், அச்சில் அது மை படாத வெறும் காகிதம்தான்.

அதை வெட்டி ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பழைய சேலையில் சுற்றிக்கொண்டு நானே பஸ்ஸில் அடிவாரத்துக்கு எடுத்துப் போனேன்.

மொட்டை மாடி

சின்ன ஓட்டு வீடு, பக்கத்தில் மொட்டை மாடி போட்ட ஓர் அறை. குப்புசாமி வாசலில் காத்திருந்தார். படத்தைப் பிரித்ததும் அவர் முகம் தளர்ந்தது. "இதேதானுங்க," என்றார். "இதே மாதிரிதான்." சட்டத்தின் ஓரத்தைத் துண்டால் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

பாவாயம்மா உள்ளேயிருந்து வந்தார். ஒல்லியான உருவம், எண்ணெய் காணாத தலை. படத்தை வாங்கிக் கட்டிலில் சாய்த்து வைத்து, தரையில் உட்கார்ந்து பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நின்றோம். பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

"நல்லாருக்குது," என்றார் கடைசியில். "அந்தச் செவுத்துல மாட்டுங்க."

குப்புசாமி ஆணி வாங்கிவரக் கடைக்குப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் பாவாயம்மா எழுந்தார்.

"மேல வா கண்ணு."

மாடிப்படி ஏறினோம். நாலு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். மாடியில் மிளகாய் காயப் போட்டிருந்தது. நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற மாதிரி, மலை.

"நான் இங்கதான் காய வெப்பேன்," என்றார். "மொளகா, வத்தல், எல்லாம். அன்னைக்கும் காலையில இருந்து இங்கதான் இருந்தேன். உச்சி வரைக்கும் பளிச்சுனு தெரிஞ்சுது. மரம் மரமா எண்ணலாம். சாயங்காலம் ஆளு வந்து சொல்ற வரைக்கும் ஒரு மேகமும் எறங்கல."

ஜமால் சொன்னது நடந்துவிட்டது.

"அவருதான போடச் சொன்னாரு?"

"ஆமாங்கம்மா. என்னை மன்னிச்சிருங்க."

"நீ என்ன பண்ணுவ கண்ணு. அவருக்குப் பயம், எனக்குத் தெரிஞ்சா நான் தாங்க மாட்டேன்னு." மிளகாயைக் கையால் புரட்டிவிட்டார். "எனக்கும் அதே பயந்தான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு. அதனால அது அப்படியே செவுத்துல இருக்கட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கீழே கேட் சத்தம் கேட்டது. பாவாயம்மா என் கையைப் பிடித்தார்.

"இந்த வெள்ளைய எடுத்துட்டா அடியில என்ன இருக்கும்? ஒண்ணும் வரையலயா? தொட்டுப் பாக்கலாம்னா கண்ணாடி போட்டிருக்குது."

"இருக்குதுங்கம்மா. எல்லாம் வரைஞ்சிருக்கறேன்."

"நம்ம ஊடு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். தோப்பு தெரியும், வீடு தெரியுமா என்று பார்க்கவில்லை என்றேன்.

"எனக்கு அத ஒண்ணு போட்டு வெய்யி. நானே வந்து வாங்கிக்கறேன்."

முதல் பஸ்

அந்த மேகத் தகட்டை எடுக்க மவுஸை ஒரு தடவை அழுத்தினால் போதும். அழுத்தினேன். அடிவாரம் வந்தது. ஒரே தாளில், சின்னதாக அடித்து வைத்தேன்.

கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள் பாவாயம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். குப்புசாமி பென்ஷன் விஷயமாகச் சேலம் போயிருக்கிறார், சாயங்காலம் அவர் வருவதற்குள் தான் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றார். படத்தை வாங்கிப் பார்த்தார். தோப்பின் மேல் விரலை வைத்து அங்கேயே நிறுத்தினார். வீடு எதுவும் அதில் இல்லை. தோப்புக்குள் ஒரு புள்ளியாவது வைத்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இனி ஒரு புள்ளியும் கூட்டிப் போட எனக்குத் துணிச்சலில்லை.

"என்னைய அங்க கூட்டிட்டுப் போ," என்றார்.

வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஜமால் ஒரு ஜீப் பிடித்துத் தந்தார். இறங்கி நடக்க வேண்டிய தூரம் கொஞ்சம்தான். அதற்கே மூன்று இடத்தில் உட்கார்ந்தார். பாறைக்கு வந்ததும் நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கமாகத்தான் பிடித்திருக்க வேண்டும். அவர் என் கையைப் பார்த்தார்.

"பயப்படாத கண்ணு. நான் போயி அவருக்குச் சோறாக்கோணும்."

வானம் துடைத்த மாதிரி இருந்தது. அவர் கையில் படம். ஒரு தரம் படத்தைப் பார்ப்பார், ஒரு தரம் கீழே பார்ப்பார். தோப்பைக் கண்டுபிடித்தார். ரோட்டோரத்துத் தண்ணித் தொட்டியைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுத்து, தெருவை விரலால் காற்றில் இழுத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அங்கே தென்னை மட்டைகள் மட்டுமே இருந்தன. இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார். ஓலைக்குள்ளிருந்து வீடு வெளியே வரவில்லை.

"எனக்கு அங்கிருந்து மலையே தெரியுது," என்றார். "அவனுக்கு இங்கிருந்து ஊடு தெரியல."

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, "தெரிஞ்சிருந்தா எறங்கி வந்திருப்பான்," என்றார்.

அன்று காலை அவன் என் கடைக்கு வந்ததையும், ஏரி நீலத்தைக் கேலி செய்ததையும், சிரித்ததையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். "சிரிச்சானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எப்படிச் சிரித்தான் என்று மறுபடி கேட்டார். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். மூன்று தடவை சொல்ல வைத்தார்.

அவர் பாறையில் அழவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று தெரிந்து, பக்கத்து ஹோட்டலுக்குக் கூட்டிப் போனேன். இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தொட்டதும்தான் அழுகை வந்தது. சத்தமே இல்லாமல், வாயில் இட்லியோடு அழுதார். பரிமாறுகிறவர் காரம் அதிகமோ என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பாவாயம்மா அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மிச்ச இட்லியையும் சாப்பிட்டு முடித்தார்.

மூன்று மணி பஸ்ஸில் ஏறும்போது படத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். "ஊட்ல இத வெக்க எடமில்ல கண்ணு," என்றார்.

அந்தக் காலத்து மை நிற்காது. முதலில் சிவப்பு போகும், அப்புறம் மஞ்சள். அந்தப் படம் இப்போது நீலமாக மட்டும் என்னிடம் இருக்கிறது. மூலப் படம் இருந்த ஃப்ளாப்பிகளில் ஒன்று பூஞ்சை பிடித்துப் போயிற்று, அதனால் மறுபடி அடிக்கவும் வழியில்லை.

வருஷ தெவசம்

தை மாதம் வருஷ தெவசத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் ஜமாலும் போனோம். குப்புசாமி கொஞ்சம் தேறியிருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வருகிறவர்களை எல்லாம் அந்தச் சுவருக்குக் கூட்டிப் போய்ப் படத்தைக் காட்டினார்.

"இந்தப் பாறைதானுங்க. பாருங்க, மேகம் எப்படி மறைச்சிருக்குது. காலுக்கு அடுத்து என்ன இருக்குதுன்னு எவனுக்குத் தெரியும்?"

அவர் நூறு பேரிடம் சொல்லியிருப்பார். அவர் குரலில் இப்போது தயக்கம் இல்லை. அவரே நம்பத் தொடங்கிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றியது. அப்படியிருந்தால் நல்லது என்றும் தோன்றியது.

நாமக்கல்லிலிருந்து வந்த ஓர் உறவுக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். தை மாசத்தில் மத்தியானத்தில் இத்தனை மேகமா என்று அவருக்கு ஒரு சந்தேகம். என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அந்த ஊருதானுங்களே? அன்னைக்கு நெசமாலுமே இவ்ளோ மேகமா இருந்துச்சுங்களா?"

குப்புசாமி என்னைப் பார்த்தார். படத்தைக் காட்டிய கை அப்படியே தூக்கியபடி நின்றது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், காபித் தட்டோடு உள்ளேயிருந்து வந்த பாவாயம்மா பதில் சொன்னார்.

"ஆமாங்க. நான்தான் மாடியில இருந்தனே. அன்னைக்கு மலையே தெரியலீங்க."

தட்டை அவர் கணவரிடம்தான் முதலில் நீட்டினார்.